மாட வீதியில் கடை விரிக்கும் பிள்ளைகளுக்கு

ஆவணி பிறந்தால் மயிலாப்பூர் மாட வீதிகளின் ஓரத்தில் தார்ப்பாய்கள் விரியத் தொடங்கிவிடும். முதலில் களிமண் பிள்ளையார், அது முடிந்த கையோடு கொலு பொம்மை. முன்பெல்லாம் அந்தத் தார்ப்பாய்களுக்குப் பின்னால் என் வயதுக்காரர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள். இப்போது இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். சிலர் பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலிருந்தும் அப்பா அம்மா செய்த சரக்கோடு வந்தவர்கள். சிலர் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, பனையோலைப் பின்னலையும் சுடுமண் நகையையும் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டு வந்தவர்கள். இரண்டு வகைப் பிள்ளைகளையும் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இரண்டாம் வருஷம் அவர்களில் பாதிப் பேரைக் காணாதபோது மனசு கேட்பதில்லை. மண் பொம்மை செய்து, அதை இதே தெருவில் விற்றுக் குடும்பம் நடத்தியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

1. உங்கள் கை வேலை செய்வதை ஜனங்கள் பார்க்கட்டும்.

பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் இந்தத் தெருவில் நின்று பாருங்கள். வாங்க வருகிறவர் வீட்டிலிருந்து மனைப்பலகை கொண்டுவருகிறார். கடைக்காரப் பையன் ஈரமான களிமண்ணை உருட்டி அச்சுக்குள் அழுத்துகிறான். மூலை முடுக்கெல்லாம் மண் போய்ச் சேர வேண்டும் என்பதால் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறான். மிச்ச மண்ணை வழித்து, அச்சைப் பலகை மேல் கவிழ்த்து இரண்டு தட்டு. தும்பிக்கையும் தொந்தியுமாகப் பிள்ளையார் வந்துவிடுகிறார். டப்பாவிலிருந்து இரண்டு குண்டுமணியை எடுத்துக் கண்ணில் பதிக்கிறான். கறுப்பும் சிவப்புமாக அந்தக் கண் விழித்ததும் பக்கத்தில் நிற்கும் குழந்தை அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்துக் காட்டுகிறது. எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, பிறகு காசு. அந்த நேரத்தில் பேரம் பேசுகிறவர்கள் குறைவு. கண் முன்னால் பிறந்ததற்கு விலை குறைத்துக் கேட்க யாருக்கும் வாய் வராது.

குளிர்சாதனம் போட்ட கடையில் இது நடக்காது. இணையத்தில் வாங்கும்போதும் நடக்காது. செய்தவரும் வாங்குகிறவரும் முகத்துக்கு முகம் பார்க்கிற இடம் தெரு. உங்களிடம் உள்ள பெரிய சொத்து இதுதான். ஆனால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்து அடுக்கிவிட்டு, கடையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறார்கள். எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி வந்து விற்பவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது. பொம்மைக்காரர்கள் பத்துப் பொம்மையையாவது முடிக்காமல் கொண்டுவாருங்கள். புடவைக் கரையை இங்கே உட்கார்ந்து எழுதுங்கள். ஓலை பின்னுகிறவர்கள் அடிப்பாகம் மட்டும் முடிந்த கூடையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சுடுமண் நகை செய்கிற தங்கச்சிகள் சுடாத ஜிமிக்கி ஒன்றையும் சுட்ட ஜிமிக்கி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேட்காமலே கேள்வி வரும்.

2. சரக்கைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கள்.

கொலு பொம்மைகளில் பெரும்பாலானவை அச்சில் எடுத்தவைதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு அச்சில் எடுத்து, ஒட்டி, தையல் தெரியாமல் வழித்து, நிழலில் காயவைத்து, சுட்டு, வெள்ளை அடித்து, வர்ணம் தீட்டுவதும் கை வேலைதான். “முழுக்கக் கையாலேயே பிடித்தது” என்று வாய் கூசாமல் சொன்னால், விஷயம் தெரிந்த ஒருவர் பின்பக்கத்துத் தையலைக் காட்டிக் கேட்பார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற உண்மையும் எடுபடாது.

மண், காகிதக்கூழ், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகிய மூன்றையும் கலந்து அடுக்கி, எல்லாம் மண் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தனித்தனியாக அடுக்குங்கள். நன்றாகச் சுட்ட மண்ணை விரல் மடக்கித் தட்டினால் கணீரென்று கேட்கும், பிளாஸ்டர் சொத்தென்று கேட்கும். காகிதக்கூழ் தூக்கும்போதே தெரிந்துவிடும். இதை வாங்க வருகிறவருக்கே சொல்லிக்கொடுங்கள். பிள்ளையார் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிளாஸ்டர் சிலை தண்ணீரில் கரையாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறையிலேயே அதைக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். களிமண் என்று நம்பி வாங்கிப்போனவர் வீட்டு வாளியில் அது மூன்று நாள் கரையாமல் கிடந்தால், அந்த வீட்டுக்கு நீங்கள் இனி வியாபாரம் செய்ய முடியாது.

மரப்பாச்சிக்கும் இதையே சொல்வேன். சாயம் போட்ட மரத்தைச் செம்மரம் என்று சொல்லாதீர்கள். குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்து வாங்குகிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். தலையாட்டி பொம்மை விற்றால், தஞ்சாவூரில் செய்ததா வேறு ஊரில் செய்ததா என்று தெரிந்து வைத்திருங்கள். தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பத்தமடைப் பாய்க்கும் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரைச் சும்மா எடுத்து ஒட்டுவது அங்கே கோரையைக் கிழித்துப் பாய் நெய்கிற பெண்களின் கூலியில் கைவைப்பது.

3. அடக்க விலையில் உங்கள் கூலியைச் சேருங்கள்.

நம் வீடுகளில் ஆண்டாண்டு காலமாக நடக்கிற தப்புக் கணக்கு இது. ஒரு அடி உயரத்தில் நூறு பொம்மை செய்வதாக வைத்துக்கொள்வோம். மண், விறகு, வெள்ளை, பெயின்ட் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். வண்டி வாடகை, தார்ப்பாய், விளக்கு 4,500 ரூபாய். சூளையிலும் வழியிலும் பத்துப் பொம்மை போய்விடும், மிச்சம் தொண்ணூறு. 10,500 ரூபாயைத் தொண்ணூறால் வகுத்து, “ஒன்று 117 ரூபாய் அடக்கம், 200-க்குக் கொடுத்தாலும் 83 ரூபாய் லாபம்” என்று சொல்லிவிடுகிறோம்.

உங்கள் அம்மாவும் நீங்களும் பன்னிரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தீர்களே, அது எங்கே? இருபத்துநான்கு ஆள் கூலி, ஆளுக்கு 700 ரூபாய் என்றால் 16,800. பத்து நாள் தெருவில் உட்கார்ந்து விற்றதற்கு ஒரு ஆள் கூலி 7,000. எல்லாம் சேர்த்து 34,300. தொண்ணூறால் வகுத்தால் ஒரு பொம்மை 381 ரூபாய். அதை 200-க்குக் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 181 ரூபாய் உங்கள் அம்மாவின் முதுகுவலியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள். கட்டட வேலைக்குப் போனால் நாள் முடிந்ததும் எண்ணி வாங்கிக்கொள்கிற கூலியை, சொந்தத் தொழிலில் மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்? இந்தக் கைத்தொழில்களை விட்டுப் பிள்ளைகள் போனதற்கு ஆயிரம் காரணம் சொல்கிறார்கள். நான் பார்த்த வீடுகளில் காரணம் இந்த ஒரு கணக்குதான்.

ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். உடைந்ததையும் எழுதுங்கள். உங்கள் மண்ணுக்கும் ஊருக்கும் தகுந்தபடி தொகை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

4. பேரத்துக்குக் கோபப்படாதீர்கள்.

பேரம் பேசுகிறவர் வாங்க வந்தவர். வாங்காதவர் விலையே கேட்க மாட்டார். “என்னப்பா, பெரிய கடையில கூட இவ்வளவு சொல்ல மாட்டான்” என்று ஒரு மாமி சொன்னால், “அங்கேயே போய் வாங்குங்க” என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும் தம்பிகளைப் பார்க்கிறேன். அந்த மாமி போய்விடுவார், அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் போய்விடுவார்கள். “மாமி, இந்த செட்டுல ஏழு பொம்மை. ஏழுக்கும் முகம் தனித்தனியா எழுதினது. இதைக் கையில எடுத்துப் பாருங்க, பக்கத்துல இதை வச்சுப் பாருங்க” என்று கையில் கொடுங்கள். கையில் வாங்கிய பொம்மையைக் கீழே வைக்கப் பாதிப் பேருக்கு மனசு வராது.

எவ்வளவு வரைக்கும் இறங்கலாம் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். போணி ஆகட்டும் என்று முதல் கிராக்கிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது வழக்கம்தான், ஆனால் அடக்கத்துக்குக் கீழே போகாதீர்கள். விலையைக் குறைப்பதைவிடச் சின்னதாக ஒன்றைக் கூடச் சேர்த்துக் கொடுப்பது நல்லது. ஒரு அகல், ஒரு சின்ன யானை. அடுத்த வருஷம் அதே விலையைக் குறைத்துக் கேட்க மாட்டார்கள், அந்த யானைக்கு ஜோடி கேட்டு வருவார்கள்.

5. பணம் வந்ததா என்று உங்கள் போனில் பாருங்கள். அவருடைய போனில் காட்டுகிற பச்சை டிக்கை நம்பிச் சரக்கைக் கொடுக்காதீர்கள். கூட்ட நேரத்தில் ஏமாறுவது இதில்தான். ஒலிப்பெட்டி வைத்துக்கொண்டால் தலை நிமிராமலே தெரிந்துவிடும். வயதானவர்கள் ரொக்கம் கொடுப்பார்கள், சில்லறை எப்போதும் இருக்கட்டும்.

6. சட்டத்தைத் தெரிந்துகொண்டு தெருவில் உட்காருங்கள்.

கார்ப்பரேஷன் வண்டி வருகிறது என்று யாராவது குரல் கொடுத்ததும் பொம்மைகளை அள்ளிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஓடுகிற ஓட்டத்தில் உடைவதுதான் அதிகம். தெரு வியாபாரிகளுக்கென்று 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. பெயரிலேயே வாழ்வாதாரப் பாதுகாப்பு என்று இருக்கிறது. அதில் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியவை சில உண்டு.

தெரு வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை, ஏற்கெனவே வியாபாரம் செய்கிறவரை அப்புறப்படுத்தக் கூடாது. இடத்தை மாற்றச் சொன்னால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதி, கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை உங்களிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டி நீங்கள் கேட்டால், பொம்மை, பாய் போன்ற அழுகாத சரக்கை இரண்டு வேலை நாளுக்குள்ளும், பூ, பழம் போன்றவற்றை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். ஆகவே ஓடாதீர்கள். பட்டியல் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், உறுதியாகக் கேளுங்கள். பட்டியலில் “பொம்மைகள்” என்று ஒரே வார்த்தையில் எழுத விடாதீர்கள். எத்தனை, என்ன அளவு என்று எழுதச் சொல்லுங்கள்.

நகர விற்பனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது இடம் தெரு வியாபாரிகளுக்கு, அந்த இடங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. உங்கள் பகுதிக்கு யார் உறுப்பினர் என்று விசாரித்து, அவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கெடுப்பு நடக்கும்போது நேரில் இருங்கள், “மாமா பார்த்துக்குவார்” என்று ஊருக்குப் போய்விடாதீர்கள். சான்றிதழ் வாங்கினால் அதை வாடகைக்கு விடக் கூடாது, நீங்களோ உங்கள் குடும்பத்தாரோதான் கடை நடத்த வேண்டும். சங்கம் இருந்தால் சேருங்கள். மாமூல் கேட்டு வருகிறவர், தனியாக இருக்கிற பிள்ளையிடம்தான் வருவார்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பதற்காக நடைபாதையை அடைக்காதீர்கள். வீல்சேரில் வருகிறவர் ரோட்டில் இறங்க வேண்டி வந்தால், அந்த இடத்தில் நமக்கு நியாயம் இல்லை.

7. பக்கத்துக் கடைக்காரரிடம் அனுசரித்துப் போங்கள். பூக்கட்டுகிற அக்கா அந்த இடத்தில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர். காலையில் வந்ததும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தார்ப்பாயை விரியுங்கள். நீங்கள் சாப்பிடப் போனால் சரக்கைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எந்த வீட்டில், எந்தக் கடையில் கழிப்பறைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொடுப்பவரும் அவர்தான். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க உட்கார்ந்து உடம்பைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் இந்தத் தெருவில் நிறைய.

8. தண்டலுக்கு வாங்காதீர்கள்.

சீசனுக்கு முன்னால் முதல் வேண்டும். பெயின்ட் வாங்க வேண்டும், விறகு வாங்க வேண்டும். தண்டல்காரர் உடனே கொடுப்பார், அதுதான் ஆபத்து. 10,000 என்று பேர், கையில் கிடைப்பது 8,500. தினம் 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கொலு வியாபாரம் இருபது நாளில் முடிந்துவிடும், மிச்சம் எண்பது நாள் எதை விற்றுக் கட்டுவீர்கள்? அப்போதுதான் இன்னொரு தண்டல் வாங்குவது, அச்சை அடகு வைப்பது எல்லாம் நடக்கிறது.

தெரு வியாபாரிகளுக்கு வங்கிக் கடன் கொடுக்கும் ஸ்வநிதி திட்டம் 2020-இல் வந்தது. முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்ததை 2025-இல் 15,000 ஆக்கியிருக்கிறார்கள். ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 25,000, அதற்கடுத்து 50,000. வட்டியில் 7 சதவீதம் மானியமாகக் கணக்கில் வரும். விற்பனைச் சான்றிதழோ மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதமோ வேண்டும் என்பதால்தான் ஆறாவதில் அவ்வளவு சொன்னேன். மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. அது 35 வயது நிரம்பியவர்களுக்குத்தான். ஆகவே வீட்டில் அப்பா அம்மா பேரில் மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம் போடுங்கள். ஓடியாடி வேலை செய்கிற இருபத்தைந்து வயதுக்காரருக்கும் அந்தக் கதவைத் திறந்துவைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

9. மழை. புரட்டாசி சாயங்காலத்தை நம்பாதீர்கள். காகிதக்கூழ் பொம்மை ஒருமுறை நனைந்தால் உப்பிவிடும், காயவைத்தாலும் பழையபடி ஆகாது. அதைத் தார்ப்பாய்க்கு நடுவில், செங்கல் மேல் பலகை போட்டு வையுங்கள். சுட்ட மண் ஓரத்தில் இருக்கட்டும். மேலே போட இன்னொரு தார்ப்பாய் மடித்தபடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

10. ஒரு சீசனை நம்பி உட்காராதீர்கள்.

மதுரைக்குப் பக்கத்தில், திருப்பரங்குன்றத்துக்கு அருகில் விளாச்சேரி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலு பொம்மை, அதே வீடுகளில் அதே கைகள் கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை செய்கின்றன. மரியாளும் சூசையப்பரும் ஆட்டுக்குட்டியும் திண்ணையில் காய்ந்துகொண்டிருக்கும். பண்டிகை யாருடையதானாலும் மண் ஒன்றுதான், சூளை ஒன்றுதான்.

நீங்களும் அப்படி ஓர் ஆண்டுக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி கடைசியில் அகல் விளக்கைத் தொடங்கினால் கார்த்திகைக்குச் சரியாக இருக்கும். மார்கழியில் குடில், தையில் பொங்கல் பானை, பங்குனி சித்திரையில் தண்ணீர்ப் பானையும் குழந்தைகளுக்குச் சொப்பும். ஓலைக்காரர்கள் கல்யாண மாதங்களைப் பாருங்கள், தாம்பூலத்துக்கு ஓலைப் பெட்டி கேட்கிறவர்கள் இப்போது அதிகம். ஒவ்வொரு பையிலும் உங்கள் பேரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு ஒன்று போடுங்கள். “உடைந்தால் கொண்டுவாருங்கள், சரிசெய்து தருகிறோம்” என்று அதிலேயே எழுதுங்கள். கொலு முடிந்து பொம்மையைப் பரணில் ஏற்றும்போதுதான் விரல் உடையும், கிரீடம் மூளியாகும். அதைச் சரிசெய்யக் கொண்டுவருகிறவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

11. பார்த்துக்கொண்டே இருங்கள்.

அச்சு பழசாகப் பழசாக முகம் மழுங்கும். மூக்கு போய், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கடைசியில் லட்சுமியா சரஸ்வதியா என்று கையில் இருப்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். பழைய பொம்மையிலிருந்து அச்செடுத்து, அந்த அச்சில் எடுத்த பொம்மையிலிருந்து மறுபடி அச்செடுத்துக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். புது உருவம் நீங்களே பிடிக்கப் பழக வேண்டும்.

அதற்கு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் வியாபாரம் மந்தமான காலத்தில் போகலாம். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜர் இருக்கிறார், திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் இருக்கிறார். படம் பிடித்துக்கொண்டு உடனே கிளம்பாதீர்கள். ஒரே சிலைக்கு முன் நின்று, பிறகு பக்கவாட்டில் நின்று, முடிந்த வரை சுற்றிப் போய்ப் பின்புறத்தையும் பாருங்கள். எந்தக் காலில் எடை நிற்கிறது, அதற்குத் தகுந்தபடி இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது, தோள் எப்படி எதிர்ப்பக்கம் இறங்குகிறது என்று பாருங்கள். நம் பொம்மைகள் கம்பு நட்டதுபோல் நிற்பதன் காரணம் அங்கே புரியும். நோட்டும் பென்சிலும் கொண்டுபோய், விரல் மடிப்பு ஒன்றையாவது வரைந்து வாருங்கள்.

இதெல்லாம் தை பிறந்த பிறகு செய்கிற வேலை. மாசிக்குள் உருவம் பிடித்து முடித்துவிட்டால் பங்குனி வெயிலில் அச்சு நன்றாகக் காயும், ஆடியில் புதுப் பொம்மை எடுக்கத் தொடங்கலாம். ஏரி மண்ணுக்கு வட்டாட்சியரிடம் அனுமதி கேட்டு எழுதுவதாக இருந்தால், மழைக்கு முன்னால் மண் வீடு வந்து சேரும்படி கோடையிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.